தொண்ணூற்று மூன்றரை டிகிரி கிழக்கே

மார்ச் 1, 2025. சனி.

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன், மக்களின் வேண்டுகோளுக்கு இணங்கி. மக்கள் என்பது தற்போதைக்குக் காளிராஜ் ஒருவன்தான். எங்கள் ஊர்க் கேபிள்காரர் சங்கத்துச் செயலாளர். நான் கோவில்பட்டிக்கு முதல் டிஷ்ஷைக் கொண்டுவந்த அன்று, நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றவன்.

"கோமதி அண்ணாச்சி, பதினாறாம் தேதி ஞாயித்துக்கெழம ஒங்களுக்குப் பாராட்டு விழா. விழா மலர் போடுதோம். ஒங்க சரித்திரத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க."

"நாலு பக்கம் என் பிறப்புக்கே காணாதேடா."

"அப்பம் பொறப்ப விட்ருங்க."

செண்பகம் காபியை வைத்தாள். என் தங்கை. ஐம்பத்துநாலு வயது. முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான் மனைவியை இழந்தவன், அவள் மணமே செய்யாதவள். வீட்டில் இரண்டே பேர். பதினாலு மாப்பிள்ளை வந்தார்கள், ஒருவரையும் பிடிக்கவில்லை என்றாள். அவ்வளவு ராங்கி.

"உண்மைய மட்டும் எழுதச் சொல்லு காளிராஜு. அரப் பக்கத்துல முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குழாயில் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகிறது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தால் பாதாள லோகம் தெரிகிறது.

மார்ச் 2. ஞாயிறு.

சரித்திரம் தொடங்குகிறது.

1993 ஜூன். மதுரையிலிருந்து லாரியில் டிஷ் வந்து இறங்கியது. பன்னிரண்டு அடி அகலம். நிமிர்த்தி வைத்தால் மூன்று கல்யாணத்துக்குச் சாம்பார் கொதிக்க வைக்கலாம். அதை மூன்றாவது மாடிக்கு ஏற்ற முப்பது பேர் கூடினார்கள். இருபத்தெட்டு பேர் யோசனை சொன்னார்கள். தூக்கியது நானும் சவரிமுத்துவும்.

சவரி என் கூட்டாளி. ஐ.டி.ஐ. படித்தவன். மற்றவர்கள் சீப்பு வைக்கும் சட்டைப் பையில் அவன் கோணமானி வைத்திருப்பான். நான் முதலாளிக் களையும் பேச்சும். அவன் மூளையும் திருப்புளியும்.

துணைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, தொண்ணூற்று மூன்றரை டிகிரி கிழக்கே நிற்கிறது. நாம் எழுபத்தெட்டில் இருக்கிறோம், ரேகைக்கு ஒன்பது டிகிரி வடக்கே. ஆகவே டிஷ் தென்கிழக்குப் பக்கம் திரும்பி, அறுபத்தொன்பது டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். அரை டிகிரி பிசகினால் மேலே முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் நட்டைத் திருக, சவரி டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினான்.

"ஒரு மயிரிழ வே, மயிரிழதான்."

திருகினேன்.

"போச்சு. ஒம்ம மயிரு இம்புட்டுத் தடிப்பாவே?"

மாலை நாலே முக்காலுக்குப் படம் வந்தது. ஏதோ தெரியாத மொழியில் ஒரு பெண் செய்தி வாசித்தாள். தெரு முழுவதும் ஏறிவந்து உட்கார்ந்து நாலு மணி நேரம் அதைப் பார்த்தது. வானிலை அறிக்கைக்கு ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று. அன்று இரவு சவரியும் நானும் சோறு தின்னவில்லை. பசிக்கவில்லை.

மார்ச் 3. திங்கள்.

தண்ணீர் வந்தது. சரித்திரத்துக்கு இன்று விடுமுறை.

மார்ச் 4. செவ்வாய்.

காளிராஜ் கேட்டான்: "அண்ணாச்சி, மேல இருக்க அது கீழ விழாம, நகராம எப்பிடி ஒரே எடத்துல நிக்கி?" செயலாளர் கேட்கிற கேள்வி. நாடு எங்கே போகிறது என்று புரிகிறது.

அது நிற்கவில்லை. மணிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடித்துவிடுகிறது; அதனால் நமக்கு நிற்கிறது. இதற்குத் தோதான உயரம் ஒன்றே ஒன்று, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். கொஞ்சம் தாழ்ந்தால் நம்மை முந்தும், உயர்ந்தால் பின்தங்கும். பாதையும் பூமத்திய ரேகைக்கு மேலேயே போக வேண்டும். சாய்ந்தால் தெற்கும் வடக்குமாக ஊஞ்சலாடும்.

எனக்கு இதை விளக்கியவன் சவரி. 1993-இல் நானும் காளிராஜ் கேட்டதைத்தான் கேட்டேன். மொட்டை மாடி நடுவில் என்னை நிறுத்தினான்.

"நீரு நின்ன எடத்துல மெதுவாச் சுத்தும். நான் சுத்தி ஓடியாறேன்."

நான் சுற்றினேன். அவன் கைப்பிடிச் சுவரை ஒட்டி, எனக்கு ஈடாக ஓடினான். என் பார்வைக்குப் பின்னால் ஊர் எல்லாம் ஓடியது: தீப்பெட்டி ஆபீஸ் கூரை, ரயில்வே கேட், கதிரேசன் மலை. அவன் முகம் மட்டும் நகரவில்லை.

"எங்கயாவது நகந்தேனாவே?" மூச்சு வாங்கியது அவனுக்கு.

நாற்பது சுற்று. நான் தலைசுற்றி வயர் உருளை மேல் விழுந்தேன். மக்கள் ஏழு நாள் துக்கம் கொண்டாடினார்கள்.

மார்ச் 5. புதன்.

லூர்து சார் வந்தார். அடுத்த தெரு, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இன்று அவர்களுக்குத் தவக்காலம் தொடக்கம், நெற்றியில் சாம்பலில் சிலுவை. என் நெற்றியில் திருநீறு. சாம்பலும் சாம்பலும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ஒரு விசாரிப்புக்கு வந்தேன். தூத்துக்குடியில சவரிமுத்து, பேட்டரி கட வச்சிருக்காருல்லா. அவரு மக ஜெனிட்டாவ எம்பையனுக்குப் பாத்திருக்கு. பிள்ளைகளுக்குப் பிடிச்சுப் போச்சு. எங்க வீட்டு அம்மாதான் ஒத்தக் கால்ல நிக்கா. 'நம்ம ஊர்ல கேபிள் வயரப் புடுங்கிட்டு ஓடுனாரே, அந்தச் சவரியா'ன்னு. நீங்க கூட்டாளியா இருந்தவுக. ஒரு வார்த்த சொல்லுங்க. ஆளு எப்படி?"

பெண் கொடுக்க, எடுக்க வருகிறவர்கள் தெருவில் நாலு பேரிடம் கேட்பது வழக்கம். நாலு பேரும் நல்லவிதமாகச் சொல்வதும் வழக்கம். நான் வெயிலைப் பற்றிச் சொன்னேன். பத்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கேபிள் தொழிலின் எதிர்காலம் குறித்துக் காலே அரைக்கால் மணி நேரம் உரையாற்றினேன்.

"அதெல்லாம் சரி. புடுங்குனாரா, இல்லையா?"

"பதினாறாம் தேதி சொல்லுதேன் சார்."

"இதுக்கு எதுக்குப் பதினாறாம் தேதி?"

அவர் போனபின் கவனித்தேன்: முன்னறையில் ஜெராக்ஸ் இயந்திரத்தின் சத்தம் இல்லை. செண்பகம் தாளைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"பதினாறாம் தேதி வர ஒனக்கு மறந்து போச்சாக்கும்" என்றாள்.

மார்ச் 6. வியாழன்.

மலருக்கு எழுதிக் கொடுத்தது: "1996-இல் சில தொழில்நுட்பக் காரணங்களால் கூட்டு பிரிந்தது." பளிங்கு போன்ற வாக்கியம்.

நாட்குறிப்புக்கு இன்னும் கொஞ்சம். 1996 மார்ச் பதினாலு, வியாழக்கிழமை. பதினொரு மணிப் படம் ஓடுகிறது. கதாநாயகியைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். கதாநாயகன் குதிரையில் வருகிறான். பதினொன்று பத்துக்குப் படம் போய்த் திரையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கொசு பறந்தது. எட்டு நிமிடம். திரும்பப் படம் வந்தபோது எல்லோரும் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். எப்படித் தப்பினாள் என்று ஊருக்குத் தெரியாது, இன்றுவரை. வெள்ளிக்கிழமையும் அதே நேரம், அதே கொசு. சனிக்கிழமையும். பெண்கள் மாடிப்படியில் நின்றார்கள், சிலர் விளக்குமாற்றோடு.

சவரி தினமும் பதினொன்று ஐந்துக்கு டீ குடிக்கப் போவான். இருபதுக்கு வருவான். வந்தால் படம் சரியாக இருக்கும். தெற்குத் தெருவில் புதிதாக ஒரு எதிரிக் கேபிள் முளைத்திருந்தது. நான் முடிச்சுப் போட்டேன்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை, நடுத்தெருவில், அறுபது சந்தாதாரர்கள் முன்னால் கேட்டேன்: "போறப்ப எந்த வயரப் புடுங்குத? அவன் ஒனக்கு என்ன தாறான்?"

சவரி என்னைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தான். கேபிள் அறைச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பேருந்து நிலையம் பக்கம் நடந்தான்.

அதிலிருந்து ஊரில் படம் போனால் "சவரி கைய வச்சிட்டான்" என்பார்கள். காளிராஜ் சொல்கிறான், அவன் அம்மா கரண்டு போனால்கூட சவரியைத்தான் திட்டுவாளாம்.

மார்ச் 8. சனி.

எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள்.

அதே 1996, செப்டம்பர் இருபத்தேழு. சவரி போய் ஆறு மாதம். பதினொரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் மறுபடி கொசு. அறையில் நான் மட்டும். மாடிக்கு ஓடினேன். டிஷ்ஷுக்கு முன்னால் மூன்று கம்பியில் ஒரு குப்பி நிற்கும், எல்.என்.பி.; துணைக்கோளின் குரலை வாங்கும் காது அதுதான். அதன் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் குங்குமப் பொட்டு மாதிரி விழுந்திருந்தது.

சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது என்று அர்த்தம். டிஷ் எதைப் பார்க்கிறதோ அதே இடத்தில் சூரியன். சூரியனும் ரேடியோ அலையில் இரைகிற ஜீவன்தான். தேர் இழுக்கிற கூட்டத்தில் கொசு பாடினால் எப்படிக் கேட்கும்?

வருடத்தில் இரண்டு முறை சூரியன் பூமத்திய ரேகையைத் தாண்டுகிறது, மார்ச்சிலும் செப்டம்பரிலும். அந்த நாளிலேயே இது நடக்காமல் நாலு நாள் தள்ளி நடப்பதற்கு நாம்தான் காரணம். வாசலில் நின்று பார்த்தால் தெருவிளக்குக்கு நேர் பின்னால் நிலா. இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தால் விளக்கு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். நிலா அங்கேயே இருக்கும். துணைக்கோள் விளக்கு, சூரியன் நிலா. நாம் ஒன்பது டிகிரி வடக்கே ஒதுங்கி நிற்பதால் துணைக்கோள் ஒன்றரை டிகிரி தெற்கே ஒதுங்கித் தெரிகிறது. அந்த ஒன்றரை டிகிரியைப் பிடிக்க சூரியனுக்கு நாலு நாள். மார்ச்சில் முன்னதாக, செப்டம்பரில் பின்னதாக. நம் ஊருக்கு மார்ச் பதினாறு, பதினொன்றே கால். முன்னும் பின்னும் இரண்டு நாள்.

அன்றைக்கே சவரிக்குக் கடிதம் எழுதினேன். தபால்தலை இல்லை. மறுநாள் மழை. அதற்கு மறுநாள் ஞாயிறு. அப்புறம் இருபத்தெட்டரை வருடம் வேலை கொஞ்சம் அதிகம்.

மார்ச் 9. ஞாயிறு.

லூர்து சாரிடம் எண் வாங்கி சவரிக்கு அழைத்தேன். "ஹலோ" என்றான். வைத்துவிட்டேன். தூத்துக்குடி வரை குரல் சரியாகப் போகிறதா என்று சோதனை. இரண்டாவது முறையும் சோதித்தேன். மூன்றாவது முறை அவன் பேசினான்.

"கோமதி, ஒம்ம மூச்சு வாங்குத சத்தம் எனக்குத் தெரியாதாவே? என்ன வேணும்?"

பாராட்டு விழா என்றேன். பதினாறாம் தேதி, மொட்டை மாடியில், பதினோரு மணிக்கு. அவனும் வரவேண்டும் என்றேன்.

"அந்த மாடிக்கா" என்றான். பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது, ஒரு ஸ்கூட்டர் போயிற்று. "அங்க எம்புள்ளைக்கு ஒரு வரன் பேசுதாவ. எம்பேரு அங்க என்னன்னு எனக்குத் தெரியும்வே. அவ கேக்கா, 'ஏம்ப்பா யோசிக்காவ'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"வா" என்றேன்.

"பாக்கேன்."

மார்ச் 11. செவ்வாய்.

விழாவை மாடியில் வைக்கச் சம்மதிக்க வைத்தேன். காளிராஜ் மண்டபம் பிடித்திருந்தான், ஏசியோடு. "வெயில்ல எவன் அண்ணாச்சி வருவான்?" "சூரியனே தலைமை தாங்குறாரு. அவர மண்டபத்துக்குள்ள கொண்டாந்திருவியா?" தலையைச் சொறிந்துகொண்டு பந்தல்காரரைத் தேடிப் போனான்.

டிஷ்ஷைச் சுத்தம் செய்தேன். நடுவில் காக்கைக் கூடு, முழுக்க வயர்த் துண்டால் கட்டியது. எங்கள் தொழிலை எங்களைவிடச் சிக்கனமாக நடத்தியிருக்கிறது. செண்பகம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் இந்த மாடிக்கு வந்து எத்தனையோ வருடம்.

"அந்தா, செல்போன் கட இருக்கே. அங்கதான டீக்கட இருந்துச்சு."

"ம்."

"பக்கத்துல எங்க டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டு. பதினோரு மணிக்கு இன்டர்வெல் விடுவாவ. பதினஞ்சு நிமிசம்."

நான் சுத்தியலை எடுத்தேன்.

"அண்ணே. அவரு பதினொன்னஞ்சுக்கு எங்க நின்னாருன்னு எனக்குத் தெரியும். டீ கிளாஸ கையில பிடிச்சுக்கிட்டு எம்முன்னாலதான் நின்னாரு. நான் அன்னைக்கே தெருவுல எறங்கிச் சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

சுத்தியல் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நட்டு ஏழையும் துரு உதிர அடித்தேன். அங்கே இருந்தது நாலு நட்டு.

அவள் இறங்கிப் போனபின் கைப்பிடிச் சுவரருகே நின்றேன். செல்போன் கடையில் யார் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிகிறது. அன்றும் அப்படித்தான் தெரிந்தது.

மார்ச் 12. புதன்.

1996 மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 14. வெள்ளி.

ஒத்திகை. காளிராஜ் ஒரு ரிசீவரும் டிவியும் கொண்டுவந்தான். பழைய டிஷ் இன்னும் தொண்ணூற்று மூன்றரையைத்தான் பார்க்கிறது. முப்பது வருட வெயில், மழை, காக்கை. ஒரு மயிரிழை நகரவில்லை.

பதினொன்று பதின்மூன்றுக்குப் படம் திக்கியது. நிழல் நடுவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. இப்போதெல்லாம் கொசு பறப்பதில்லை; செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு காதுக்குப் போய், அப்படியே உறைகிறது. கொசு எவ்வளவோ தேவலை. அதில் ஒரு உயிர் இருந்தது.

காளிராஜ் நிழலைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, அப்பம் சவரி..." என்று ஆரம்பித்தான்.

"பந்தல்காரன் எத்தன மணிக்கு வாறான்?" என்றேன்.

மார்ச் 16. ஞாயிறு.

விழா. ஐம்பது நாற்காலி போட்டிருந்தது; வந்தவர்கள் இரண்டு லட்சம் பேர், அல்லது அறுபத்துமூன்று. லூர்து சார் குடையோடும் மனைவியோடும். காளிராஜின் அம்மா முன்வரிசையில். செண்பகம் மாடிப்படிக் கதவருகே, பந்தலுக்கு வெளியே வெயிலில்.

பத்தே முக்கால் வரை சவரி வரவில்லை. சால்வை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். ஒருவர் என்னைக் கோவில்பட்டியின் விண்வெளி வேந்தர் என்றார். நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பதினொன்று மூன்றுக்குச் சவரி படியேறி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறினான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. யாரோ ஒருவன், "டிவிய பாத்துக்கிடுங்கப்பா" என்றான். சிலர் சிரித்தார்கள். லூர்து சாரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சவரி கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

ஒலிபெருக்கியை வாங்கினேன். மூன்று பக்க உரை சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"எல்லாரும் டிவியப் பாருங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல படம் போகும். சவரிமுத்து அந்தா உக்காந்திருக்கான். ரெண்டு கையையும் மடியில வச்சிருக்கான். யாராவது பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க."

காளிராஜின் அம்மா உண்மையாகவே எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

பதினொன்று பதினொன்று. திரையில் ஒரு சமையல் நிகழ்ச்சி, கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். கை உடைந்தது, கத்தி உடைந்தது, கத்தரிக்காய் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது. பிறகு நீலத் திரை. அறுபத்துமூன்று பேரும் டிஷ்ஷைச் சுற்றி நின்றார்கள். நிழல் நடுவை நோக்கி நகர்ந்து, பதினொன்றே காலுக்கு நட்டநடுவில் உட்கார்ந்தது.

"இதுதான் ஒங்க வயரப் புடுங்குனது" என்று மேலே காட்டினேன். "வருசத்துக்கு ரெண்டு தடவ வரும். இவன் புடுங்கல. இவன் ஒண்ணுமே செய்யல. நான் ஆறே மாசத்துல கண்டுபிடிச்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. இருபத்தொன்பது வருசமா நீங்க தப்பான ஆளத் திட்டியிருக்கிய. திட்ட வேண்டியது என்னைய."

எவரும் கை தட்டவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

காளிராஜின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏ சவரி, ஒன்னயவா நான் கரண்டு போனதுக்கெல்லாம் ஏசுனேன்? நல்லாருப்பய்யா. மனசுல வச்சிக்கிடாத." என் பக்கம் திரும்பினாள். "இனிமே பேர மாத்திக்கிடுதேன்."

படம் திரும்ப வந்தது. கத்தரிக்காய் குழம்பாகியிருந்தது.

லூர்து சாரின் மனைவி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் குடையை விரித்துக்கொண்டு சவரியிடம் போனார். "வெயில்ல நிக்காதீங்க சம்பந்தி. வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றார்.

சவரி துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

எல்லோரும் இறங்கியபின் அவன் ஒருகணம் டிஷ்ஷருகே நின்றான். நானும் நின்றேன்.

"எம்புள்ளைக்கு நல்லது செஞ்சிட்டீரு. அதுக்குக் கும்பிட்டுக்கிடுதேன்."

"சவரி..."

"சூரியன் மேல போட்டது சரி வே. ஆனா அந்த ஞாயித்துக்கெழம இன்ஸ்டிட்யூட்டு லீவு. நான் டீ குடிக்கப் போகல. ஒம்ம பக்கத்துலதான் ஸ்டூல்ல இருந்தேன். ரெண்டு பேருந்தான் கொசுவப் பாத்தோம். 'என்னவே இது'ன்னு நீருதான் எந்தொடையில தட்டிக் கேட்டீரு. விடிஞ்சதும் நடுத்தெருவுல நிறுத்துனீரு."

"நீ ஏன் அத அங்கேயே சொல்லல?"

"சொன்னா, மத்த மூணு நாளும் எங்க போனன்னு கேப்பீரு. அறுவது பேரு முன்னால அவ பேரு வரும்." படிக்கதவைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை, செண்பகம் இறங்கிவிட்டிருந்தாள். "அவளுக்கு இந்த ஞாயித்துக்கெழம விசயம் தெரியுமா?"

"தெரியாது."

"அது ஒம்ம பாடு" என்றான். ஒவ்வொரு படியாக இறங்கினான்.

மார்ச் 17. திங்கள்.

ஏழு மணிக்குச் சொல்வதாக இருந்தேன். ஏழு மணிக்குப் பால்காரர். எட்டுக்குச் சொல்லலாம் என்றால் பேப்பர். பத்துக்கு அவள் கடையில் கூட்டம். மதியம் அவள் படுத்திருந்தாள். நாலு மணிக்குச் சொன்னேன். அவள் யாருடைய பத்திரத்தையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"செம்பா, அந்த ஞாயித்துக்கெழம சவரி என் பக்கத்துலதான் இருந்தான். படம் போச்சு. அவன் எதையும் தொடலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

இயந்திரத்தின் வெளிச்சம் ஒருமுறை ஓடி முடிந்தது.

"தெரிஞ்சுமா மறுநா கேட்ட?"

"ஆமா."

"எதுக்கு?"

"சனிக்கெழம மாடியில இருந்து பாத்தேன். ஒன்னையும் அவனையும்."

"என்னத்தப் பாத்த? நாங்க என்ன செஞ்சோம்?"

"சிரிச்சுக்கிட்டு நின்னீய."

சாதி, மதம், அப்பாவின் இதயம், அந்தக் காலத்து நிலவரம் என்று பேசுவதற்கு நிறைய வைத்திருந்தேன். வருடக்கணக்காகச் சேர்த்தது. மேசையில் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

"நான் நெனச்சுக்கிட்டிருந்தேன், ஒனக்கு நெசமாவே சந்தேகம் வந்துட்டுன்னு. நான் வாயத் தொறக்காததாலதான் அவருக்கு இப்பிடி ஆச்சுன்னு. அதத்தாண்ணே இத்தன வருசமா..." பத்திரத்தின் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். இயந்திரத்தை அணைத்தாள். கையை நீட்டினாள். "ஒம் போனக் குடு."

கொடுத்தேன். சவரியின் எண்ணை அவளே தேடி அழைத்தாள்.

"நான் செண்பகம் பேசுதேன்... ஆமா. நேத்து நின்னேன், பாத்தேன். பேசத் தோணல. அன்னைக்கு நான் எறங்கி வந்து சொல்லிருக்கணும். சொல்லல. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

பேசிக்கொண்டே அவள் உள்ளே போனாள், நான் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆதார் அட்டையோடு ஒருவர் நகல் எடுக்க வந்தார். நானே இயந்திரத்தைப் போட்டு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கறுப்பாக வந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. சவரியின் மனைவி பேசினாள் போலிருக்கிறது, "நல்லாருக்கேன் மைனி" என்று செண்பகத்தின் குரல் கேட்டது. அப்புறம் ஜெனிட்டாவின் கல்யாணச் சேலை. அப்புறம் ஏதோ ஒன்றுக்குச் செண்பகம் சிரித்தாள். இத்தனை வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அவள் சத்தமாகச் சிரித்தால் இப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

நாற்பது நிமிடம். போனைக் கொண்டுவந்து நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வைத்தாள். கையில் தரவில்லை.

மார்ச் 19. புதன்.

லூர்து சார் வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள், பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்து நிச்சயதார்த்தம். செண்பகத்துக்கு அழைப்பு. எனக்கும் ஒன்று, தபாலில் வருமாம்.

காளிராஜ் சொல்கிறான், நேற்று தெருவில் கரண்டு போனதும் அவன் அம்மா, "கோமதி கைய வச்சிட்டான்" என்றாளாம்.

செண்பகம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள். சோறு மட்டும் நேரத்துக்கு வைத்துவிடுகிறாள். குழம்பில் உப்பு இல்லை. நேற்றும் இல்லை. ரசத்திலும் பொரியலிலும் இல்லை. நான் கேட்கவில்லை. இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.